கணவாய்க் காற்றும் அயிலை மீனும்

திருப்பூர், பல்லடம் பக்கம் கம்பெனிக்காரர்கள் வருசத்துக்கு ஒருமுறை ஆட்களைக் கூட்டிக்கொண்டு டூர் போவது வழக்கம். ஊட்டி, கொடைக்கானல், கொச்சி, ஆலப்புழை எல்லாம் பார்த்து அலுத்த பிறகு, "படகை வாடகைக்குப் பேசி நாமளே மீன் பிடிச்சா என்னங்க?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். கையோடு ஆடிப் பதினெட்டை ஒட்டி நாளும் குறித்துவிடுவார்கள். நாள் குறிப்பதில்தான் சிக்கல். கேத்தனூர்ப் பக்கம் காற்றாலைகள் ஓயாமல் சுற்றுகிற மாதத்தில் அயிலை பிடிக்கப் படகு கிளம்பாது. அந்தக் காற்று ஒரு வருசம் சரியாக வீசாவிட்டாலோ, பிறகு கிளம்பிப் போனாலும் அயிலை குறைவாகத்தான் கிடைக்கும்.

மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 1,600 கி.மீ. நீளம். அதில் உள்ள பெரிய இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். வடக்கே நீலகிரியில் தொட்டபெட்டா 2,637 மீட்டர். தெற்கே ஆனைமலைப் பக்கம் ஆனைமுடி 2,695 மீட்டர். இரண்டுக்கும் நடுவே 30, 40 கி.மீ. அகலத்துக்குத் தரை சில நூறு மீட்டருக்கு மேல் உயராமல் கிடக்கிறது. அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மலைமேல் ஏற முடிந்த இடத்தில் ஏறி மழையைக் கொட்டிவிடும். ஏற வேண்டிய அவசியமே இல்லாத இந்த வழியில் நெருக்கியடித்துக்கொண்டு நுழையும்போது அதன் வேகம் கூடுகிறது. மலை தாண்டி வருவதற்குள் ஈரம் பெரும்பாலும் போய்விடும். நமக்குக் கிடைப்பது மழை மறைவுப் பிரதேசத்தின் வறட்டுக் காற்று. வைகாசியில் தொடங்கிப் புரட்டாசி வரை தகரக் கூரையைத் தட்டுகிற, தறிக்குடோனில் புழுதியைக் கொண்டுவந்து கொட்டுகிற காற்று.

பல்லடம், உடுமலை வட்டாரத்து மில்காரர்கள் இந்தக் காற்றை யூனிட் கணக்கில்தான் பார்ப்பார்கள். சொந்தக் காற்றாலை வைத்திருப்பவருக்கு ஆனி, ஆடி என்றால் கரண்ட் பில் குறையும் காலம். தமிழ்நாட்டில் இன்று 11,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைகள் இருக்கின்றன. அவற்றில் கணிசமானவை இந்தக் கணவாயையும், தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாயையும் நம்பி நடப்பட்டவை.

சரி, பல்லடத்துக்கு வருவதற்கு முன் இந்தக் காற்று எங்கே இருந்தது? பொன்னானிக் கரை நமக்கு நேர்கோட்டில் சுமார் 150 கி.மீ. மேற்கே இருக்கிறது. அந்தக் கரைக்கு முன்னால் காற்று கடலின்மேல் வீசிக்கொண்டிருந்தது. அங்கே அது செய்கிற வேலை, இங்கே இறக்கையைச் சுற்றுகிற வேலையைவிடப் பெரியது.

பொதுவாக யோசித்தால், கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்று தண்ணீரையும் கரைக்குத் தள்ள வேண்டும். கேரளக் கரையில் நடப்பது நேர்மாறு. பருவக்காற்று மாதங்களில் அங்கே மேல்மட்டத் தண்ணீர் கரையை விட்டு விலகிப் போகிறது. இந்தப் புதிருக்கு விடை வடதுருவத்திலிருந்து வந்தது. நார்வேயைச் சேர்ந்த ஃப்ரிட்யோஃப் நான்சென் 1893 முதல் 1896 வரை 'ஃப்ராம்' என்ற கப்பலைப் பனிக்கட்டிக்குள் உறையவிட்டு, அது மிதந்து போகும் வழியைக் குறித்துக்கொண்டே போனார். பனி, காற்று வீசிய திசையிலேயே நகரவில்லை. எப்போதும் அதற்குச் சற்று வலப்புறமாக விலகியே நகர்ந்தது. ஏன் என்று கணக்குப் போட்டுச் சொன்னவர் ஸ்வீடனின் வாக்ன் எக்மன். பூமி சுழல்வதால் வடகோளத்தில் நகரும் எதுவும் வலப்புறம் விலகும். காற்று மேல்தண்ணீரை இழுக்கிறது. அது கொஞ்சம் வலப்புறம் திரும்புகிறது. அது தனக்குக் கீழே உள்ள தண்ணீரை இழுக்கிறது. அது இன்னும் கொஞ்சம் திரும்புகிறது. இப்படிச் சில பத்து மீட்டர் ஆழம் வரை கூட்டிப் பார்த்தால், தண்ணீரின் மொத்த நகர்வு காற்றின் திசைக்குச் செங்குத்தாக வலப்புறம் அமைகிறது. 1905இல் எக்மன் எழுதிய இந்தக் கட்டுரையை இன்றும் கடலியல் மாணவர்கள் முதல் வருசத்திலேயே படிக்கிறார்கள்.

இனி கேரளக் கரைக்கு வருவோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை கரையோரத்தில் காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து, கரையை உரசிக்கொண்டு தெற்கு நோக்கி வீசுகிறது. தெற்கு பார்த்து நிற்பவருக்கு வலக்கைப் பக்கம் மேற்கு. ஆக, மேல்தண்ணீர் மேற்கே, ஆழ்கடலை நோக்கிப் போகிறது. போன இடத்தை நிரப்பக் கீழேயிருந்து குளிர்ந்த நீர் மேலேறி வருகிறது. காற்று மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது. வங்கக் கடலில் பிறந்து, இலங்கையைச் சுற்றிக் கரையோரமாகவே மெல்ல நகர்ந்து வரும் நீண்ட அலைகளும் இதற்குக் கைகொடுக்கின்றன. ஆனாலும் காற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. சித்திரையில் 30 டிகிரியை ஒட்டியிருக்கும் கடல்மேல் வெப்பம், ஆடியில் சில டிகிரி இறங்கிவிடுகிறது.

மேலேறி வரும் நீர் வெறும் குளிர்ந்த நீர் அல்ல. மேலே செத்து அடியில் படிந்ததெல்லாம் மக்கி, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஊறிய நீர் அது. வெளிச்சம் பட்டதும் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் பெருகுகின்றன. அவற்றைத் தின்ன நுண்ணிறால் இனங்கள் பெருகுகின்றன. பிளாங்க்டன் எனப்படும் இந்த மிதவை உயிரிகள் பச்சையும் பழுப்புமாகக் கடலையே நிறம் மாற்றிவிடும். அந்த நிறத்தை விண்வெளியிலிருந்தே பார்க்கலாம். 2022 நவம்பர் 26 அன்று இஸ்ரோ ஏவிய ஓஷன்சாட் வரிசையின் மூன்றாவது செயற்கைக்கோளில் இதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. கடல்நிறம், கடல்வெப்பம் இரண்டையும் சேர்த்துப் பார்த்து, மீன் கூடியிருக்க வாய்ப்புள்ள இடங்களை ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் மீனவர்களுக்கு அறிவிக்கிறது.

இந்த விருந்துக்குத்தான் அயிலை வருகிறது. சென்னைப் பக்கம் காணாங்கெளுத்தி என்பார்கள். நமக்குச் சரக்கு பாலக்காட்டு வழியாகவும் வருவதாலோ என்னவோ, இங்கே அயிலை என்றே வழங்குகிறது. சாதாரணமாக 20 முதல் 25 செ.மீ. நீளம். அடுத்த முறை மீன் ஸ்டாலுக்குப் போகும்போது, "அண்ணா, ஒரு மீனு செவுளு எடுக்காமக் கொடுங்க" என்று கேட்டு வாங்கி வாருங்கள். வீட்டில் வாயைப் பெரிதாகத் திறந்து வெளிச்சத்தில் உள்ளே பாருங்கள். தொண்டையின் இருபுறமும் இறகு இறகாக, நீண்ட மெல்லிய முட்கள் வரிசையாக நிற்கும். தறியில் பாவு நூலைப் பிரித்துவிடும் அச்சைப் போல அவ்வளவு நெருக்கம். ஒவ்வொரு முள்ளின்மேலும் இன்னும் பொடியாக நூற்றுக்கு மேற்பட்ட சிறு மயிர்முட்கள் உண்டு. அயிலை வாயைத் திறந்துகொண்டே நீந்தும். தண்ணீர் செவுள் வழியாக வெளியேறிவிடும். பிளாங்க்டன் இந்த முட்களில் தங்கிவிடும். இதற்கு நேர்மாறாக வஞ்சிரத்தின் வாயைத் திறந்து பார்த்தால் சவரக் கத்தி போன்ற பற்கள். இரண்டும் ஒரே குடும்பம்தான். ஒன்று வடிகட்டித் தின்கிறது, மற்றது வெட்டித் தின்கிறது.

மீனைத் திருப்பிப் போட்டு இன்னும் கொஞ்சம் பாருங்கள். முதுகோரம் கருங்கோடுகள், பக்கத்தில் பொன்னிறக் கோடுகள், பக்கத் துடுப்பின் கீழ் விளிம்புக்கருகே ஒரு கரும்புள்ளி. வாலுக்கு முன்னால் மேலே ஐந்து, கீழே ஐந்து குட்டித் துடுப்புகள். வேகமாக நீந்தும் இனம் என்பதற்கு அந்தக் குட்டித் துடுப்புகளே அடையாளம். வெட்டினால் பக்கவாட்டில் ஒரு கருஞ்சிவப்புச் சதைப்பட்டை தெரியும். ரத்தம் கட்டியிருக்கிறது என்று சிலர் அதை எறிந்துவிடுகிறார்கள். ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மையோகுளோபின் நிறைந்த தசை அது. அயிலையால் ஓரிடத்தில் நின்று மூச்சுவிட முடியாது. நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளில் தண்ணீர் பாயும். பிறந்தது முதல் சாகும்வரை ஓடுகிற மீனின் என்ஜின் அந்தச் சிவப்புச் சதை.

மேலேறி வரும் நீருக்கு ஒரு குறையும் உண்டு: அதில் ஆக்சிஜன் குறைவு. அந்த நீர் அடியிலிருந்து ஏற ஏற, மீன்கூட்டம் அதற்கு மேலே, கரையை ஒட்டி நெருங்கி வருகிறது. மழைக்காலத்தில் ஆலப்புழை மாவட்டத்து அம்பலப்புழை, புறக்காடு கரைகளில் சேறு கலங்கி அலை அடங்கிப் போகும் இடத்தைச் 'சாகர' என்பார்கள். சுற்றிலும் கடல் கொந்தளிக்க, அங்கே மட்டும் சிறு வள்ளங்கள் இறங்கி மீனை அள்ளும். அதை நம்பி டூர் போவது தவறு. அது அந்தக் கரைக்காரர்களின் பிழைப்பு; அங்கே வெளியூர்க்காரருக்கு வேலையில்லை.

எப்போது போகலாம்? மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஆடிப் பதினெட்டு ஆகஸ்ட் முதல் வாரத்தில் வரும். தடை முடிந்திருந்தாலும் கடல் அடங்கியிருக்காது. மழைக்காலத்தில் தின்று கொழுத்த அயிலைக் கூட்டம் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரிலிருந்து மார்ச் வரை மேற்குக் கரையில் கிடைக்கும். பல்லடத்துக்காரர்களுக்கு இதைவிட வசதி வேண்டாம். திருப்பூர் வட்டாரமே பூட்டிக் கிடக்கும் தீபாவளி லீவு அந்தக் காலத்தில்தான் வருகிறது. காற்றாலைகள் நின்றுபோயிருக்கும், மேற்குக் கடல் ஓரளவு படிந்திருக்கும். அதே சமயம் வடகிழக்குப் பருவமழை கிழக்குக் கரையைக் கலக்கும் என்பதால், ராமேஸ்வரமோ தூத்துக்குடியோ என்றால் தை பிறக்கட்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள கடல் தேசியப் பூங்கா. அங்கே தூண்டிலும் போடக்கூடாது.

வழிகாட்டியோடு படகில் போய்த் தூண்டில் போடுவதை ஒரு தொழிலாகவே நடத்துவது இந்தியாவில் அந்தமானில் நன்றாக வேரூன்றியிருக்கிறது. அங்கே போகிறவர்கள் தேடுவது வஞ்சிரம், சூரை, பெரிய பாறை போன்ற மீன்கள். மேற்குக் கரையில் படகு பேசும்போது பார்க்க வேண்டியவை எளியவை: படகின் பதிவு, ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், வயர்லெஸ் அல்லது அதற்கு ஈடான தொடர்பு, அன்றைய அலை எச்சரிக்கை. இவற்றில் ஒன்று இல்லை என்றாலும் திரும்பி வந்துவிடலாம். மார்க்கெட்டில் மீன் கிடைக்கும்.

அயிலைக்குப் போடுவது சின்னத் தூண்டில். பிளாங்க்டன் வடிகட்டும் மீன் தூண்டிலைக் கடிக்குமா என்று கேட்கலாம். வளர்ந்த அயிலை, இறால் குஞ்சு, மீன் குஞ்சு போன்ற பெரிய துணுக்குகளைக் கண்டால் தனித்தனியாகவும் பொறுக்கித் தின்னும். அதனால் ஒரே கயிற்றில் ஐந்தாறு சிறு தூண்டில்கள் கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வெள்ளை இறகும் மினுங்கும் இழையும் சுற்றி, அடியில் ஈயக்குண்டு கோத்து, மேலும் கீழும் அசைத்தால் போதும். இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் சுற்றுலாப் பயணிகள் அங்குள்ள வேறு இன அயிலையைப் பிடிப்பதும் இதே முறையில்தான். கறிக்கோழிக்குத் தினமும் விலை அறிவிக்கும் பல்லடத்தில் இறகுக்கா பஞ்சம்? மினுங்கும் இழைக்கும் நம் ஊர் போதும். சிவப்பு இழை மட்டும் வேண்டாம்: தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு ஒளியைத்தான், பத்து மீட்டர் இறங்குவதற்குள் சிவப்பு கறுத்துவிடும். வெள்ளையும் வெள்ளியும் கடைசிவரை மின்னும்.

கோழி என்றதும் இன்னொரு நினைவு. கோழித் தீவனத்தில் சேர்க்கும் மீன்தூள் பெரும்பாலும் மத்தி போன்ற சிறுமீன்களை அரைத்து வருவது. சோயா வந்தபின் அதன் பங்கு குறைந்துவிட்டது என்றாலும், மேற்குக் கரையின் காற்று நம் ஊர்க் கோழிப் பண்ணைவரை ஒரு காலத்தில் நீண்டிருந்தது.

வஞ்சிரம் வேண்டுமென்றால் ஆட்டம் வேறு. ஓடும் படகின் பின்னால் மீன் வடிவப் பொம்மையை இழுத்துக்கொண்டு போக வேண்டும். நைலான் கயிற்றை ஒரே கடியில் வெட்டிவிடும் என்பதால் தூண்டிலுக்கு முன் ஒரு முழம் எஃகுக் கம்பி அவசியம். இரண்டு மீட்டருக்கு மேலும் வளரக்கூடிய இந்த மீனுக்கு உடம்பில் காற்றுப்பை கிடையாது. பெரும்பாலான மீன்கள் காற்றுப்பையை ஊதியும் சுருக்கியும் ஒரே ஆழத்தில் நிற்கின்றன. சட்டென்று மேலே வந்தால் பை உப்பிப்போகும். வஞ்சிரத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. அடியிலிருந்து மேல்மட்டத்துக்கு ஒரே பாய்ச்சலில் வந்து இரையை இரண்டாக வெட்டும். நீந்துவதை நிறுத்தினால் மூழ்கும் என்பது அதற்குக் கொடுத்த விலை.

இதில் படகுக்காரருக்கும் ஒரு சங்கடம் இருக்கிறது. ஒலியை அனுப்பி எதிரொலியில் மீனைக் காட்டும் எக்கோ சவுண்டர், பெருமளவு காற்றுப்பையைத்தான் பார்க்கிறது. தண்ணீருக்கும் மீன் சதைக்கும் அடர்த்தியில் பெரிய வித்தியாசமில்லை. காற்றுக்கும் தண்ணீருக்கும்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். பை இல்லாத மீன் திரையில் மங்கலாகத்தான் தெரியும். அதனால் கருவி இருந்தும் வழிகாட்டியின் கண் வானத்தில் இருக்கும். ஆலாக்கள் வட்டமிட்டு விழுந்து எழும் இடத்தில் சிறுமீன் கூட்டம் இருக்கிறது. கீழே அதைத் துரத்தும் பெரிய வாய் ஒன்றும் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

மேலேயே திரியும் மீன் என்று பெயர் வாங்கிய அயிலையும் இப்போது கொஞ்சம் மாறிவருகிறது. 1947இல் தொடங்கி, 1971இல் மண்டபத்திலிருந்து கொச்சிக்கு இடம் மாறிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் ஒரு கணக்கு எடுத்தார்கள். 1985 முதல் 1989 வரை பிடிபட்ட அயிலையில் அடிமடி இழுவலையில் வந்தது சுமார் 2 சதவீதம். 2003 முதல் 2007 வரை அது 15 சதவீதம். மேல்தண்ணீர் சூடாக ஆக, மீன் கொஞ்சம் ஆழத்துக்கும் வடக்குக்கும் நகர்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். தூண்டில்காரருக்கு இதன் பொருள்: மேலே கடிக்கவில்லை என்றால் ஈயத்தை இன்னும் இறக்கிப் பார்க்க வேண்டும். மீன் தீர்ந்துபோகவில்லை. 2024இல் நாட்டில் கரைசேர்ந்த கடல்மீன் சுமார் 34.7 லட்சம் டன். இனவாரியாகப் பார்த்தால் அதில் முதலிடம் அயிலைக்கு, 2.63 லட்சம் டன். தூண்டிலில் நாம் எடுப்பது அந்தக் கணக்கில் தெரியவே தெரியாது. ஆனால் கேரளச் சட்டப்படி 14 செ.மீ.க்குக் குறைந்த அயிலையைப் பிடிக்கக்கூடாது. சின்னது வந்தால் ஈரக் கையால் கழற்றிக் கடலில் விட்டுவிடுங்கள். காய்ந்த கை பட்டால் அதன் பொடிச் செதிலும் வழுவழுப்பும் உரிந்துவிடும்.

பிடித்தாயிற்று. இனிமேல்தான் பல்லடத்துக்காரருக்கு மட்டுமே உள்ள பிரச்சினை: பாலக்காடு, கோவை வழியாக ஊர் வந்துசேர ஐந்து மணி நேரமாவது ஆகும். அயிலை, சூரை, வஞ்சிரம் குடும்பத்து மீன்களின் சதையில், குறிப்பாக அந்தச் சிவப்புப் பட்டையில், ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். செவுளிலும் குடலிலும் வாழும் சில பாக்டீரியாக்கள், மீன் செத்தபின் சூடு கிடைத்தால், அதை ஹிஸ்டமின் ஆக மாற்றிவிடும். ஒவ்வாமை வரும்போது நம் உடம்பு தானே சுரக்கும் பொருள்தான் ஹிஸ்டமின். கெட்ட வாடை வருவதற்கு முன்பே அது மீனில் சேர்ந்துவிடலாம். வேகவைத்தாலும் போகாது, வறுத்தாலும் ஃப்ரிட்ஜில் உறையவைத்தாலும் போகாது. புளியும் மிளகாயும் தூக்கலாகப் போட்ட குழம்பில் நாக்குக்கும் தெரியாது.

ஆகவே ஐஸ் கணக்கைச் சரியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 80 கிலோகலோரி வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். ஒரு கிலோ மீனை ஒரு டிகிரி குளிர்விக்க ஏறத்தாழ 0.85 கிலோகலோரி வெப்பத்தை எடுக்க வேண்டும். 10 கிலோ மீனை 30 டிகிரியிலிருந்து பூஜ்யத்துக்குக் கொண்டுவர 255 கிலோகலோரி, அதாவது மூன்று கிலோவுக்குச் சற்று மேல் ஐஸ். இது மீனைக் குளிர்விக்க மட்டும். பெட்டிச் சுவர் வழியாக உள்ளே வரும் வெயிலுக்கும் சேர்த்து, மீன் எவ்வளவோ அவ்வளவு ஐஸ் என்று வைத்துக்கொள்வது மீன் வியாபாரிகளின் வழக்கம், நியாயமான வழக்கம். பாளமாக வைத்தால் மீனைத் தொடாது. உடைத்துப் பொடியாக்கி, ஓர் அடுக்கு மீன், ஓர் அடுக்கு ஐஸ் என்று போட வேண்டும். படகிலேயே கடல்தண்ணீரும் ஐஸும் கலந்த பெட்டியில் போட்டுவிட்டால் இன்னும் வேகமாகக் குளிரும். பிடித்த மீனைத் தளத்தில் வரிசையாக அடுக்கிப் போட்டோ எடுக்கும் அரைமணி நேரத்தில்தான் பாக்டீரியா வேலையை ஆரம்பிக்கிறது. ஒன்றைக் கையில் பிடித்து எடுத்தால் போதாதா?

செவுளையும் குடலையும் கரையிலேயே எடுத்துக் கழுவிவிட்டால் பாக்டீரியாவின் குடியிருப்பே போய்விடும். இத்தனையும் மீறி, அயிலை தின்ற கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பெல்லாம் தடித்து அரித்து, தலைவலியும் படபடப்பும் வந்தால் அது ஹிஸ்டமின் நஞ்சாக இருக்கலாம். ஒரே குழம்பைச் சாப்பிட்ட நான்கு பேருக்கும் சேர்ந்து வந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். நம் வீடுகளில் உடனே, "எனக்கு மீனு ஒத்துக்காதுங்க" என்று முடிவுகட்டி, வாழ்நாள் முழுக்க மீனை விட்டவர்கள் உண்டு. மருத்துவரிடம் போகும்போது என்ன மீன், எப்போது பிடித்தது, எத்தனை மணி நேரம் ஐஸ் இல்லாமல் கிடந்தது என்பதையும் சொல்லுங்கள். அது நிஜமான மீன் ஒவ்வாமையா, அன்றைய மீன் மட்டும் கெட்டிருந்ததா என்று அவர் பிரித்துப் பார்க்க அந்த விவரம் வேண்டும். இரண்டாவது என்றால் நல்ல ஐஸில் வந்த அயிலையை அடுத்த வாரமே சாப்பிடலாம்.